ஒரு காணிக்கு ஒரு பிணை

மச்சாள் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். விசுவமடுச் சந்தியில் ஒரு பஸ். அதற்கு முன்னால் ஒரே நிறச் சட்டையும் ஒரே நிறச் சப்பாத்துமாகப் பெண்பிள்ளைகள். தேசிய மட்ட உதைபந்தாட்டப் போட்டிக்குக் கொழும்புக்கு வெளிக்கிடுகிறார்களாம். “நீங்களும் ஒருகாலம் கூட்டிக்கொண்டு போனனீங்களெல்லோ, ஞாபகமிருக்கோ?” என்று கீழே எழுதியிருந்தாள். ஞாபகமிருக்கிறதாவாம்! அன்றைக்கு எனக்குச் சமையல் ஓடவில்லை, பருப்பை அடிப்பிடிக்க விட்டேன்.

சப்பாத்துகளைப் பார்த்ததும் எனக்கு மூக்கில் வந்தது சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போடும் சொலுசன் மணம். எங்களிடம் சப்பாத்து இல்லை. இருந்தது ஒரேயொரு தோல்பந்து. அதன் உள்ளே இருந்த ரப்பர்ப் பையில் ஒன்பது ஒட்டு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யுத்தம், அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை. சவர்க்காரத்துக்கே வழியில்லாத ஊரில் சொலுசனுக்கு எங்கே போவது? சைக்கிள் கடை அண்ணையிடம் பல்லைக் காட்டி, மிஞ்சியதைச் சுரண்டி வாங்கிவந்து நானே ஒட்டுவேன். அந்த மணத்தோடுதான் சமூகக்கல்வி படிப்பிக்கப் போவேன்.

நான் அப்போது இருபத்துமூன்று வயதுத் தொண்டர் ஆசிரியை. பெண்பிள்ளைகளுக்கு ஓர் அணி தொடங்கவேண்டும், யார் பொறுப்பெடுப்பது என்று பள்ளிக்கூட அதிபர் கேட்டபோது மற்ற ஆசிரியைகள் எல்லோரும் குனிந்துவிட்டார்கள். நான் குனியக் கொஞ்சம் பிந்திவிட்டேன். உதைபந்தாட்டத்தில் எனக்குத் தெரிந்தது பந்தைக் காலால் அடிக்கவேண்டும் என்பது மட்டும். ஓப்சைட் என்று ஒன்று இருப்பதைக் கொழும்பில் நடுவர் விசில் அடித்தபோதுதான் அறிந்தேன். “பெட்டையளைக் காலைத் தூக்கி அடிக்கப் பழக்கிறியோ?” என்று சந்தியில் மறித்துக் கேட்டவர்களும் உண்டு. எங்கள் மாவட்டத்தில் வேறு பெண்கள் அணி இல்லை. ஆகவே தேசியப் போட்டிக்கு மாவட்டத்துக்கு ஓர் அணி என்று கடிதம் வந்தபோது நாங்களே மாவட்டம் ஆகிவிட்டோம்.

எங்களிடம் விளையாடத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள், தெய்வானை. பதினைந்து வயது, இடதுகால்காரி. அவளுடைய அப்பா முத்தையா எண்பத்துமூன்று கலவரத்தில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்து எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர். தெய்வானையும் காலையில் மிளகாய் ஆய்ந்துவிட்டு, எரியும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மைதானத்துக்கு வருவாள். பந்து அவளுடைய காலுக்குப் போனால் மற்றவர்கள் விளையாட்டை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். நானும்தான், வாயைப் பிளந்துகொண்டு.

வன்னி அப்போது ஆயுதம் தூக்கிய இயக்கத்தின் கையில், வெளியே போக அவர்களிடம் பாஸ் எடுக்கவேண்டும். பாஸ் வேண்டுமென்றால் பிணை வேண்டும். போகிறவர் திரும்பி வராவிட்டால் நான் பொறுப்பு என்று சொந்தக் காணியுள்ள ஒருவர் ஒப்பம் வைக்கவேண்டும். பாஸ் கொடுக்கும் கந்தோரில் ஒரு காணிக்கு ஒரு பிணைதான் எடுப்பார்கள். மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் எல்லோரும் குடியேற்றத் திட்டத்தில் வயல் பெற்றவர்கள், வைத்தார்கள். முத்தையாவின் குடிசை நின்ற நிலமே எங்களுடையது.

“அப்பா, தெய்வானைக்கு நீங்கள் வையுங்கோவன்.”

“எங்கடை காணிக்கு ஒரு பிணைதான். அது உனக்கு. கொழும்பிலை உன்ரை அலுவல் முடியோணுமோ, இல்லையோ?” என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, “அதோடை அதுகள் மலைநாட்டுப் பக்கம் மாறிட்டுதுகள் எண்டால் ஆரடி மிளகாய் ஆயிறது?” என்றார்.

என்னுடைய அலுவல் இதுதான்: கனடாவில் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். அணியோடு கொழும்புக்குப் போனால் நான் அங்கேயே நின்றுவிடுவதாக ஏற்பாடு. அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அணிக்கு வேறோர் ஆசிரியை போயிருக்கலாம். நான் நின்றிருந்தால் அந்த ஒப்பம் தெய்வானைக்குப் போயிருக்கும். எனக்கு அது விளங்காமல் இல்லை. அப்பாவோடு நான் சண்டை பிடிக்கவில்லை, ஒரு நேரச் சோற்றைக்கூட வேண்டாமென்று தள்ளவில்லை.

தெய்வானை வந்து கேட்டாள். “டீச்சர், என் பேரு இருக்குதுங்களா?”

அவளுடைய முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பொய்யைச் சொன்னேன். “வயதுக்கு அத்தாட்சி கேக்கினம் தெய்வானை. உன்ரை பிறப்புச் சான்றிதழ் இல்லையெல்லோ, அதாலைதான்.” அடித்துத் துரத்தப்பட்டு வந்த சனத்திடம் கடுதாசி எங்கே இருக்கப்போகிறது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

வெளிக்கிடும் அன்று விடியவே உழவு இயந்திரப் பெட்டியில் பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். தாண்டிக்குளம் வரைக்கும் அதில் போய், பிறகு ஆமியின் காவலரண்களை நடந்து கடக்கவேண்டும். அப்போது முத்தையா ஓடிவந்தார். பின்னால் தெய்வானை, தலை வாரி, இரட்டைப் பின்னல் கட்டி, கையில் ஒரு துணிப்பையோடு.

“இந்தாங்க டீச்சரம்மா, இருக்குதுங்க!” பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றிய பிறப்புச் சான்றிதழை நீட்டினார். “நாங்க குடியிருந்த தோட்டத்து லயத்துக்கு நெருப்பு வச்சப்ப சட்டி பானைய விட்டுட்டு மொதல்ல இதத்தாங்க எடுத்தேன். கடுதாசி இல்லாட்டி நம்மள எவன் மனுசன்னு சொல்லுவான்?”

ஒருமுறை பிரசாவுரிமையையே பறிகொடுத்த சனம் கடுதாசியை எப்படிக் காக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். சமூகக்கல்வி படிப்பித்தவள்தானே! “இனி ஏலாது முத்தையா, பட்டியல் போயிட்டுது” என்றேன். அவர் கையை நீட்டியபடியே நின்றார். தெய்வானைதான் அவருடைய கையைப் பிடித்து இறக்கினாள். “வாங்கப்பா. டீச்சருக்கு நம்மளக் கூட்டிட்டுப் போக விருப்பமில்ல.” அவள் கத்திச் சொல்லவில்லை. ஆனால் பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்டது.

முதல் ஆட்டத்திலேயே ஏழு கோல் வாங்கினோம். பிள்ளைகள் தெய்வானையைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அடுத்த நாள், எங்களோடு வந்திருந்த அதிபர் அவர்களைக் கூட்டிக்கொண்டு வன்னிக்குத் திரும்பினார். பிணை வைத்த பிள்ளைகள் ஒருத்தி தப்பாமல் வீடு போய்ச் சேர்ந்தார்கள். திரும்பி வரமாட்டாள் என்று அப்பா பயந்தது தெய்வானையை நினைத்து, வராமல் நின்றவள் நான்.

எனக்காக அப்பா கிழமைக்கு ஒருநாள் பாஸ் கந்தோரில் போய் நின்று பேச்சு வாங்கினார். அடுத்த மாரியில் அவருடைய கடிதம் கனடாவுக்கு வந்தது. “முத்தையாவின்ரை பெட்டை இயக்கத்துக்குப் போயிட்டாள். மிளகாய் ஆய ஆள் இல்லை.” அவ்வளவுதான் எழுதியிருந்தார். அங்கே அவளிடம் காணி கேட்கவில்லை, பிணை கேட்கவில்லை, வயதையும் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் சண்டையில் செத்துப்போனாள். உடல்கூட வீட்டுக்கு வரவில்லை.

இப்போது அந்த வழியால் போக யாருடைய ஒப்பமும் வேண்டாம். பாஸ் கந்தோர் இருந்த இடத்தில் யாரோ வாழை வைத்திருக்கிறார்களாம். விடியப் பஸ் ஏறினால் பின்னேரத்துக்கு முதல் கொழும்பு. போகவேண்டியவள்தான் இல்லை.