வெர்லின் மூடிய பத்தாவது கடை

வெர்லின் கிரெப்ஸ் கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஹார்லன்ஸ்பர்க்கில் இன்று இதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

ஒஹையோவின் இந்தப் பக்கத்தில் ஹென்னக்கர்ஸ் உணவகம் என்றால் ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம். தேவாலயம் முடிந்ததும் குடும்பம் குடும்பமாக வந்து வாசலில் நிற்பார்கள். நெடுஞ்சாலை ஓரமாகப் பல ஊர்களில் அதே சிவப்புக் கூரை, அதே பான்கேக், அதே ஆப்பிள் பை. எங்கள் ஊர்க் கடையில் வெர்லின் பாத்திரம் கழுவச் சேர்ந்தார். அடுப்புக்கு வந்தார், மேனேஜர் ஆனார், கடைசியில் பத்துக் கடைகளைப் பார்த்துக்கொள்ளும் வட்டார மேனேஜரானார். நான் அங்கே பதினாறு வருஷம் அடுப்பில் நின்றேன். என் பெயர் லோவெல். முட்டை உடைப்பதில் என்னைவிட அவர் கை வேகம்.

அவருடைய அக்கா ஆர்லீட்டா எங்கள் கடையில் பரிமாறினாள். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன, ஆனால் வாய் தேயவில்லை. ஜன்னலோர மேஜையில் தினமும் காலை ஏழு மணிக்கு நான்கு கிழவர்கள் கூடுவார்கள். "ஒரு காபிய வாங்கி வச்சிக்கிட்டு மத்தியானம் வரைக்கும் ஒக்காந்திருக்கீங்களே, உங்க வீட்டுல நாற்காலியே கிடையாதா?" என்பாள். அவர்களில் மெர்ல் என்பவர், "நாற்காலி இருக்கு ஆர்லீட்டா, திட்டறதுக்குத்தான் ஆளில்ல" என்பார். அவர் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆர்லீட்டா கேட்காமலே அவர் கோப்பையை நிரப்பிவிட்டுப் போவாள்.

பிறகு கம்பெனி கை மாறியது. வாங்கியவர்கள் எங்கோ கிழக்கே இருந்தார்கள். நாங்கள் யாரும் அவர்களைப் பார்த்ததில்லை. முதல் வேலையாகக் கடைகள் நின்ற நிலத்தையெல்லாம் விற்றார்கள். நேற்றுவரை சொந்தமாயிருந்த கட்டிடத்துக்கு இன்று வாடகை. அதை ஈடுகட்ட சூப் பிளாஸ்டிக் உறைகளில் வர ஆரம்பித்தது. வெந்நீரில் போட்டு, வெட்டி, ஊற்ற வேண்டியதுதான். ஆப்பிள் பை உறைந்துபோய் வந்தது. மெர்ல் ஒரு வாய் தின்றுவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தார். "இத யார் செஞ்சது?" என்று கேட்டார். "ஒரு லாரி செஞ்சது" என்றாள் ஆர்லீட்டா.

ஞாயிற்றுக்கிழமை வரிசை குட்டையாகி, ஒருநாள் வரிசையே இல்லாமல் போனது. இளம் குடும்பங்கள் காரில் இருந்தபடியே பொட்டலம் வாங்கிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள். கம்பெனி ஒவ்வொரு கடையாக மூடத் தொடங்கியது.

மூடுகிற வேலை வெர்லினுக்கு வந்தது. அதற்கொரு முறை இருந்தது. முன்கூட்டி யாரிடமும் மூச்சு விடக் கூடாது. குறித்த நாளில் பூட்டு மாற்றுபவரோடு போய் நிற்க வேண்டும். உள்ளே சாப்பிடுகிறவர்கள் முடித்ததும் கதவில் கடை மூடப்பட்டது என்ற காகிதத்தை ஒட்ட வேண்டும். அப்படி ஒன்பது ஊர்களில் ஒட்டினார். ஓர் ஊரில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி ஏப்ரனைக் கழற்றி அவர் காலடியில் போட்டாளாம். அதை என்னிடம் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏன் செய்றீங்க? விட்டுட்டு வந்துட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"நம்ம கடையத் தொடமாட்டோம்னு வாக்குக் குடுத்திருக்காங்க, லோவெல். நான் விட்டுட்டா வேற எவனாவது வருவான். அவனுக்கு இந்த ஊரு மேல என்ன அக்கறை?"

அதை அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

மார்ச் மாதம் ஆர்லீட்டாவுக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையிலிருந்து அழைப்பு வந்தது. உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை. மருத்துவக் காப்பீடும் உண்டு; முழங்கால் அறுவை சிகிச்சைக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை வெர்லின் சாப்பிட வந்தபோது அவர் எதிரே போய் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"நேரா கேக்குறேன், நேரா சொல்லு. இந்தக் கடைய மூடப்போறாங்களா?"

"இல்ல."

"அங்க வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். மூடறதா இருந்தா போயிடுவேன். இல்லேன்னா இந்தக் கிழடுங்கள விட்டுட்டுப் போக எனக்கு மனசில்ல."

"அதான் இல்லன்னு சொல்றேனே, ஆர்லீட்டா."

அவள் முதியோர் இல்லத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் கடையை மூடும் தேதியைக் கம்பெனி அவருக்குச் சொன்னது, அவள் அப்படிக் கேட்ட ஞாயிற்றுக்கு ஐந்து நாள் முன்பு. பின்னாளில் அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். மேலிடத்தில் பேசி மாற்றிவிடலாம் என்று நினைத்தாராம். கடிதம் எழுதினாராம், தினமும் போன் செய்தாராம். அக்காவிடம் சொன்னால் அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், பேசிப் பார்க்கவும் வழியிருக்காது என்று பயந்தாராம். அடுத்து வந்த இரண்டு ஞாயிறும் வழக்கம்போல வந்தார், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார், ஆம்லெட் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அடுப்பறை ஜன்னல் வழியாக அவர் காரைப் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் கருவிப் பெட்டியோடு ஓர் ஆள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆர்லீட்டா காபிக் குடுவையோடு கிழவர்கள் மேஜையருகில் நின்றிருந்தாள். வெர்லின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவள் கூட வந்தவனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த புதுப் பூட்டைப் பார்த்தாள்.

"ஆர்லீட்டா, நான்..."

"எத்தன பேர் சார்?" என்றாள். வரும் வழிப்போக்கர்களிடம் பேசுகிற அதே குரல்.

"ஆர்லீட்டா."

"ரெண்டு பேரா? எங்க வேணாலும் ஒக்காருங்க சார். இன்னிக்கி நெறைய எடம் இருக்கு."

பிறகு திரும்பி மெர்லுடைய கோப்பையை நிரப்பினாள். கிழவர்கள் எழுந்துபோக ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். அதுவரை வெர்லின் வாசலருகே நின்றுகொண்டேயிருந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. அவள் மேஜைகளைத் துடைத்தாள், கோட்டை எடுத்துக்கொண்டாள், பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

முதியோர் இல்லத்தில் அந்த இடத்துக்கு வேறொருத்தியை எடுத்துவிட்டார்கள். ஆர்லீட்டா நாற்பது மைல் தள்ளி ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனாள். வலது முழங்கால் நாலு மாதம் தாங்கியது. இப்போது வீட்டுக்குள்ளேயே கோல் ஊன்றித்தான் நடக்கிறாள்.

வெர்லினை ஜூலையில் போனிலேயே நீக்கினார்கள். மூட இன்னொரு கடை அவரிடம் இல்லை. பெட்ரோல் பங்கில் கல்லாவில் நிற்கிறார். அங்கே காபி இயந்திரம் உண்டு, உட்கார இடம் கிடையாது. மெர்ல் அங்கே போவதில்லை, எங்கேயுமே போவதில்லை. மற்ற மூவரையும் சேர்த்துப் பார்த்து வெகுநாளாகிறது.

இலையுதிர் காலத்தில் வெர்லின் என்னிடம் வந்தார். "அக்கா கதவத் தொறக்கமாட்டேங்குறா. நான் வந்து பேசணும்னு மட்டும் சொல்லுங்க லோவெல். வேற ஒண்ணும் வேண்டாம்."

போய்ச் சொன்னேன். அவள் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வேலை போனதக் கூட விடு. எங்கிட்ட இல்லன்னு பொய் சொன்னதுக்கப்புறமும் ரெண்டு ஞாயித்துக்கிழம என் கையால காபி வாங்கிக் குடிச்சானே. அது அவனுக்கு எப்படித் தொண்டையில எறங்குச்சுன்னு கேட்டுட்டு வா. அதுக்குப் பதில் வந்தா நான் கதவத் தொறக்குறேன்."

மறுநாள் பெட்ரோல் பங்குக்குப் போனேன். வெர்லின் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடம் கேட்க எனக்கு நா எழவில்லை. "தூங்கிட்டிருந்தா" என்றேன். அவர் தலையாட்டினார். பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.