இறக்கத்தில் போடும் பாட்டு

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு ஒருமுறை என்னை அழைத்துவந்த டாக்சி டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். காதுவரை இழுத்துவிட்ட பச்சைக் குல்லா, எப்போதும் சிரிக்கிற முகம். ஆனால் மலை இறங்கத் தொடங்கியதும் பென்டிரைவை மாற்றினார். செத்துப்போன காதலி, கைவிடப்பட்ட தாய் என்று ஒரே ஒப்பாரி.

மூன்றாவது பாட்டில் பொறுமை போய், “அண்ணே, ஒரு குத்துப்பாட்டுப் போடுங்களேன்” என்றேன்.

“ஏறுறப்ப போடுவேங்க. இறங்குறப்ப ஆகாது. அதக் கேட்டா காலு தானா வெரசா மிதிச்சிரும். அழுகைப் பாட்டு ஓடுனாத்தான் நாமளும் ஒருநாள் போய்ச் சேர்ற ஆளுதாங்கிற நெனப்பு இருக்கும்.”

“உங்களுக்கு ஏதும் கவலையாண்ணே?”

“கவலையெல்லாம் பாடுறவனுக்குங்க. எனக்கு இந்த வளைவு மட்டுந்தான்.”

அடுத்த வளைவில் மூடுபனிக்குள்ளிருந்து ஒரு பஸ் எங்கள் பக்கமாகவே ஏறி வந்தது. நாங்கள் ஊர்ந்துகொண்டிருந்ததால் ஓரமாக நின்று வழிவிட முடிந்தது. அவர் பாட்டின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினார்.

வாழ்க்கையே துக்கம் என்று சொல்லும் தடித்த புத்தகங்களை நிறையப் படித்திருக்கிறேன். எதுவும் அதை இவ்வளவு அக்கறையாகச் சொன்னதில்லை. இப்போது எங்கே சோகப்பாட்டுக் கேட்டாலும், யாரோ என்னைப் பத்திரமாகக் கீழே இறக்கிக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது.