சட்டையோடு அளந்த தோள்பட்டி

கடந்த ஞாயிறு உடுப்பிட்டிப் பக்கம் ஒரு கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் வந்திருந்தார்கள். பெண் வீட்டார் பாதி ஊரையே கூட்டி வந்திருந்தார்கள். ஐயர் வந்துவிட்டார், தவில் வந்துவிட்டது, படம் எடுக்க நானும் உதவிக்கு என் அக்காவும் வந்துவிட்டோம். வராதவன் ஒருவன்தான் – மணப்பெண்ணின் அண்ணன் சீலன்.

சீலன் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். இப்போது பிரான்ஸில் இருக்கிறான். விசா வழக்கு இன்னும் முடியவில்லை. இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. தங்கைக்குத் தாலி ஏறுகிற நேரத்தில் அண்ணன் ஏதோவொரு பேக்கரியில் மா குழைத்துக்கொண்டு நிற்பான்.

இரண்டு மாதத்துக்கு முன்பே அழைத்திருந்தான்.

"மச்சான், லைவ் எல்லாரும் காட்டுவினம். கை ஆடும். அரைவாசி நேரம் ஆரின்ரையோ முதுகுதான் தெரியும். எனக்கு அந்த நேரம் வேலையும். தாலி கட்டேக்கை தங்கச்சியின்ரை முகம் வடிவாத் தெரியிற படம் ஒண்டு எடுத்து அனுப்பு. ஒண்டு காணும்."

ஒன்று போதுமாம். கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது... தாலி கட்டுவதும் ஒரு தடவைதானே? தவறவிட்டால் மாப்பிள்ளையிடம் போய், "அண்ணை, இன்னொருக்காக் கட்டுங்கோ" என்று கேட்கவா முடியும்?

ஆகவே ஆயத்தங்களைத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் பரீட்சை எழுதித் தேறிய முதல் ஆள் நான். எதையும் கொப்பியில் எழுதி, கீழே கோடு போட்டுப் படித்தால்தான் எனக்கு நெஞ்சு ஆறும். முதல் பாடம் – கமராவின் பட்டி.

வார நாட்களில் கந்தோர் வேலை, வார இறுதியில் கமரா என்று ஓடுகிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். கமராவோடு வந்த பட்டியைப் பற்றி என்ன சொல்ல? இரண்டு விரல் அகலம். கழுத்தை அறுக்கும். அதில் நிறுவனத்தின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் – காசு நாம் கொடுக்க, விளம்பரம் அவர்களுக்கு. சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் கழுத்துவலி என்று ஒரு வரி எழுதப்போய், நீங்கள் மூன்று வகை எண்ணெய் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். எண்ணெய்களில் பிழையில்லை. பிழை பட்டியில்.

கொப்பியில் எழுதியதைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவட்டும். கமராவைக் கழுத்தில் மாட்டாதீர்கள். ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காகப் போடுங்கள். அகலம் நாலு விரலாவது வேண்டும். இழுபடுகிற ரப்பர் துணி வேண்டாம் – கடையில் தொட்டுப் பார்க்க மெத்தை மாதிரி இருக்கும், நடந்தால் கமரா துள்ளும். கமரா இடுப்பெலும்புக்குச் சற்று மேலே நிற்கவேண்டும். கீழே இறங்கினால் போகிற வருகிற இடத்துக் கதிரை மேசையில் எல்லாம் இடிபடும்.

இதற்கெல்லாம் பொருத்தமாக யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் ஒரு தோல்பட்டி கிடைத்தது. "அசல் தோல்தானோ?" என்று மூன்று தரம் கேட்டேன். முதலாளி லைட்டரை எடுத்து ஓரத்தைச் சுட்டு மூக்கருகே நீட்டினார். மணந்து பார்த்தேன். அசல்தான்.

அதைத் திருநெல்வேலிச் சந்தையடியில் சப்பாத்துத் தைக்கிற அண்ணையிடம் கொண்டுபோனேன்.

"நீளம் கூட, தம்பி. உதாலை மாட்டையும் கட்டலாம்" என்றார்.

வெட்டிக் குறைத்தார். தோளில் படுகிற இடத்தில் உள்ளே ஸ்பொஞ்ச் வைத்துத் தைத்தார். கமராவின் இரண்டு காதிலும் வளையம் போட்டு, பட்டியின் இரண்டு நுனியிலும் கொழுவி வைத்தார். அமத்தினால் கழரும், விட்டால் பூட்டும். நான் அங்கேயே போட்டு நடந்தேன், குனிந்தேன், இரண்டு தரம் துள்ளியும் பார்த்தேன்.

"கலியாணத்துக்கோ சண்டைக்கோ போறீர்?" என்றார் அண்ணை.

துள்ளினாலும் அசையவில்லை. கந்தோர்ச் சட்டையோடு நின்று அளந்த அளவு அது – அச்சொட்டாக இருந்தது.

சட்டையோடு... கவனித்தீர்களா? நான் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை கோயில் வாசலில் சட்டையைக் கழற்றினேன். சிறுவயதிலிருந்து அப்படித்தான் கோயிலுக்குள் போய் வருகிறேன். எனக்குத் தெரியாத வழக்கமா? ஆனால் கொப்பியில் அது இல்லையே. வெறுந்தோளில் பட்டி ஏறியதும் வியர்வையில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. பொறுக்கலாம் என்று உள்ளே கால் வைக்கப் போனேன். கோயில் நிர்வாகசபைப் பெரியவர் ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

"தம்பி, உது தோலோ?"

"ஓம், ஐயா."

"அசலோ?"

"ஓம்..."

"அப்ப உள்ளுக்குக் கொண்டு போகேலாது. கழட்டி வைச்சிட்டு வாரும்." பிறகு என் இடுப்பைப் பார்த்தார். "வேட்டிக்கு மேலை கட்டியிருக்கிற பெல்ட்டும் தோல்தானே?"

நாட்டில் எவ்வளவு போலிச் சாமான் விற்கிறார்கள். அந்த முதலாளி என்னையும் ஏமாற்றியிருக்கக்கூடாதா? என்னிடம் மட்டும் ஏன் இந்த நேர்மை?

இரண்டையும் கழற்றினேன். இப்போது ஒரு கையில் கமரா, மறுகையில் வேட்டி. படம் எடுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? உள்ளே ஐயர் தாலியைத் தட்டில் வைத்துச் சபையோர் தொட்டு ஆசீர்வதிக்க அனுப்பிவிட்டார். தட்டு சுற்றித் திரும்பி வர ஐந்து நிமிடம். கூடினால் எட்டு.

"கமராவோடை வந்த பழைய பட்டி எங்கை?" – அக்கா.

"வீட்டிலை."

"படிச்ச ஆள்" என்றாள். "இந்தா உன்ரை சால்வை, இடுப்பிலை இறுக்கிக் கட்டு."

வேட்டி நின்றது. ஆனால் கூட்டத்துக்கு மேலால் முகம் தெரிய வேண்டுமென்றால் நான் மணவறைக்குப் பக்கத்துத் தூணின் அடிக்கட்டில் ஏறவேண்டும். ஏற இரண்டு கையும் வேண்டும். கெட்டிமேளத்துக்குச் சனம் தள்ளுகிற தள்ளில் கமரா ஒருமுறை நழுவினால் கருங்கல்லில்தான் விழும். அது நானும் அக்காவும் சேர்ந்து வாங்கிய கமரா. அதோடு சீலனின் படமும் போய்விடும்.

அக்காவின் தோளில் அவளுடைய ஹாண்ட்பாக். இந்தக் கல்யாணத்துக்கென்றே வாங்கியது. அகலமான நெய்த பட்டி, கத்தரிப்பூ நிறத்தின் மேல் பெரிய மஞ்சள் பூக்கள், இரண்டு நுனியிலும் கொழுவி. நான் அதைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். சடக், சடக்கென்று கழற்றினாள்.

"ஐயா, இது துணி. தொட்டுப் பாருங்கோ."

பெரியவர் தொட்டுப் பார்த்தார். "துணிதான். கெதியாப் போங்கோ."

கொழுவிகள் கமரா வளையங்களில் போய்ப் பூட்டிக்கொண்டன. நீளத்தைக் கடைசிவரை இழுத்துவிட, கமரா இடுப்பெலும்புக்குச் சற்று மேலே வந்து நின்றது. வெறுந்தோளில் அது இருந்த சுகத்தை எப்படிச் சொல்ல? ஒட்டவில்லை, உறுத்தவில்லை, வியர்வையைக் குடித்துக்கொண்டு கிடந்தது.

"தம்பி, பூப்போட்ட பூணூல் இப்ப எங்கை விக்குது?" என்று கேட்டார் மாப்பிள்ளை பக்கத்து மாமா ஒருவர்.

"மாமாவுக்கும் ஒண்டு வேணுமோ?" என்றாள் அக்கா. ஹாண்ட்பாக்கைக் கக்கத்துக்குள் இடுக்கியபடி எனக்கு வழி விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

ஏறினேன். தட்டு திரும்பி வந்தது. தவில் முழங்கியது. சபை முழுக்க எழும்ப, ஆசீர்வதித்துத் தூவிய அறுகரிசி மழையாகக் கொட்டியது. பின்னாலிருந்து யாரோ முழங்கையால் இடிக்க, கமரா கையைவிட்டுப் போயே போய்விட்டது... ஆனால் அது விழவில்லை. என் இடுப்போடு ஒட்டித் தொங்கியது. எடுத்துக் கண்ணில் வைத்தேன்.

தாலி கட்டும்போது கமராவைப் பார்க்கவேண்டாம் என்று மணப்பெண்களுக்கு நாங்கள் சொல்லிவைப்பது வழக்கம். குனிந்த தலைதான் அழகாக விழும். இவளுக்கும் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளையின் கை கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிறது. அவள் தலையை நிமிர்த்தினாள். நேரே கமராவைப் பார்த்தாள்.

அழுத்தினேன்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றபடியே படத்தை அனுப்பினேன். பின்னேரம் சீலன் அழைத்தான்.

"என்னைப் பாக்கிறாள், மச்சான்" என்றான்.

"ஓம்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவனா நானா என்று இங்கே எழுதத் தேவையில்லை.

"அதுசரி, அக்கா அனுப்பின குடும்பப் படத்திலை உன்ரை நெஞ்சிலை கிடக்கிறது என்னடா பூ?"

சுகமான பட்டி எது என்று இனி யாரும் என்னைக் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். கடையில் நிற்கிற கோலத்தில் போட்டுப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள்; வேலை செய்கிற இடத்தில் எந்தக் கோலத்தில் நிற்பீர்களோ அந்தக் கோலத்தில் போட்டுப் பாருங்கள். பட்டிக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் இல்லை இது என்று நினைக்கிறேன். படித்து ஆயத்தமாகிற எங்களைப் போன்றவர்கள், கேள்வித்தாளில் வராததை ஆயத்தம் செய்வதே இல்லை.

பூப்பட்டியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அக்கா மூன்று நாள் பொறுத்தாள். நான்காம் நாள், "பட்டியில்லாத ஹாண்ட்பாக்கைக் கோழி மாதிரிக் கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு எத்தினை நாளைக்கடா திரியிறது?" என்று கேட்டுவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

தோல்பட்டி ஆறாயிரத்து ஐந்நூறு, தையற்கூலி ஆயிரத்து இருநூறு, அக்காவுக்குப் புது ஹாண்ட்பாக் மூவாயிரத்து எண்ணூறு. ஆக, சீலன் கேட்ட அந்த ஒரு படத்துக்கு எங்கள் வீட்டுக்கு முடிந்த செலவு – பதினோராயிரத்து ஐந்நூறு ரூபா.