முப்பத்தோரு வாய்ச் சோறு

போன சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் வந்தது. எதிர்வீட்டு ஜெனிஃபர் கொண்டுவந்தாள். எங்கள் சபையின் வாலிபப் பிள்ளைகள் ஒரு நாள் ஊழியமாகக் கல்வராயன் மலைக்குப் போய் வந்திருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு இரண்டு வேன்களில் ஏறினார்கள். ஆறு மணிக்குத் திரும்பிவிட்டார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணினேன். போனவர்கள் இருபத்தாறு, இறங்கியவர்கள் இருபத்தைந்து. பதறியடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். ஒரு பையன் கச்சிராயபாளையத்தில் மாமா வீட்டில் இறங்கிக்கொண்டானாம். இதை முதலிலேயே ஒருவர் சொல்லக் கூடாதா? எனக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெருவுக்கே தெரியும்.

"மீந்துடுச்சு தாத்தா. ஆயாவும் நீங்களும் சாப்புடுங்க" என்று ஜெனிஃபர் பொட்டலத்தைக் கையில் வைத்தாள். மலை ஏறி, மலை இறங்கி, ஒருவர் விரலும் படாமல் வந்திருந்தது அது. வாங்கும்போது கோழி வாசனையோடு அவள் தலையிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசனையும் வந்தது. இந்தக் காலத்தில் எந்தப் பெண் எண்ணெய் வைக்கிறாள் என்று கேட்காதீர்கள், அவள் அம்மா அப்படி. இந்த இரண்டு வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்கு உடனே இருபத்தெட்டு வயதாகிவிடும். பசியும் எடுத்துவிடும்.

இருபத்தெட்டில் நான் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எண்ணி எழுதுகிற வேலையில் இருந்தேன். வாசலில் வரிசையாக நிற்கும் மாட்டு வண்டி, டிராக்டர் எல்லாவற்றையும் காலையிலிருந்து எண்ண வேண்டும். எண்ணுகிற வியாதி அங்கே பிடித்ததா, வியாதி இருந்ததால் அந்த வேலை கிடைத்ததா என்று இன்றுவரை விளங்கவில்லை. கல்யாணம் ஆகவில்லை. ஸ்டெல்லா என்றொரு பெண்ணைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணுக்குச் சம்மதம், அவள் அப்பா அம்மாவுக்கும் சம்மதம். ஆனால் அந்தக் குடும்பத்தில் பெரியம்மா தலையசைக்காமல் ஒரு ஆட்டுக்குட்டிகூட விலை போகாது. பெரியம்மா என்றால் எஸ்தர் டீச்சர்.

டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். முப்பது வருஷம் பிள்ளைகளை முறைத்துப் பார்த்தே பாடம் நடத்தியவர். எங்கள் சபையில் போதகர் ஐயரின் பிரசங்கம் நீண்டால் ஜனங்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஐயரோ டீச்சரைப் பார்ப்பார். ஜாதகம் பார்க்கிற வழக்கம்தான் எங்களிடம் கிடையாதே, அதனால் அவர் வேறு பரீட்சை வைத்தார். "மலைக்கு நாலு நாள் ஊழியம் போறோம். அவனையும் வரச் சொல்லு. கூட இருந்து பாத்தாத்தான் ஆளு தெரியும்" என்று தன் தங்கையான ஸ்டெல்லாவின் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்.

நாங்கள் பதினோரு பேர் புறப்பட்டோம். நாற்பது போர்வை, இரண்டு டின் பிஸ்கட், ஒரு மருந்துப் பெட்டி, ஒரு டோலக், சுண்ணாம்பு நாலு மூட்டை. சாமான்களுக்கு நான் பொறுப்பு. முதல் பேருந்தில் கச்சிராயபாளையம் போய், அங்கிருந்து மலைப் பேருந்தில் ஏறினோம். வளைவுகளை எண்ணினேன். என் கணக்குக்கும் கண்டக்டர் கணக்குக்கும் இரண்டு வித்தியாசம் வந்தது. "நீ குந்திக்கினு வர்ற ஆளு, நான் டெய்லி வாந்தி கழுவுற ஆளு. யாரு கணக்கு கரெக்டா இருக்கும்?" என்றார் அவர். வெள்ளிமலையில் இறங்கி, சுமைகளைத் தலையில் வைத்து, ஒன்றரை மணி நேரம் நடந்தோம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஊழியத்தின் முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிவரை எல்லாரும் உபவாசம் என்று டீச்சர் தீர்மானித்திருந்தார். மலைச் சனங்களின் மனம் திறக்க வேண்டும் என்பதற்காக. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். உபவாசத்தை வெளியே காட்டிக்கொள்ளவும் கூடாது. வாடின முகத்தோடு திரிந்தால் அது கடவுளுக்கான பட்டினி இல்லை, மனுஷனுக்கான நாடகம் என்பார் டீச்சர். ஆகவே ஓடையில் எல்லாரும் முகம் கழுவினோம். டீச்சர் தன் கைப்பையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துப் பதினோரு தலைக்கும் தானே தேய்த்துவிட்டார். என் தலைக்கு இரண்டு சொட்டு அதிகம் விழுந்தது. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

ஊரில் இருபத்துமூன்று வீடுகள். நாங்கள் நாற்பது என்று கேள்விப்பட்டுப் போர்வை கட்டியிருந்தோம். அதற்கு நான் பொறுப்பில்லை. ஊர்ப் பெரியவர் பொன்னன் எதிரே ஓடிவந்து கும்பிட்டார். அவர் மனைவி காளியம்மா சொம்பில் தண்ணீர் தந்தார். சும்மா நிற்க முடியாமல் முற்றத்தில் மேய்ந்த கோழிகளை எண்ணினேன். ஒன்பது.

பள்ளிக்கூடச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தோம். பதினோரு மணிக்கெல்லாம் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. எனக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு அடித்த தேவசகாயம் என்ற கம்பவுண்டர், "தம்பி, இது சோதனை. மூக்க மூடு" என்றார். அவர் மட்டும் திறந்துவைத்திருந்தார்.

ஒரு மணிக்குப் பொன்னன் வந்து, "சோறு ஆயிடுச்சுங்க, வாங்க" என்றார். டீச்சர் சிரித்த முகத்தோடு, "கொஞ்சம் போவட்டுங்க" என்றார். இரண்டு மணிக்கு மறுபடி வந்தார். "இந்தச் சொவரு ஒண்ணு முடிச்சுடறோங்க." இரண்டரைக்கு வந்தபோது, டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற வேலையை ஆரம்பித்துவிட்டார். டோலக் தட்டுகிறார்கள், டீச்சர் கையை ஆட்டிப் பாடுகிறார், எதிரே முப்பது பிள்ளைகள் மரவள்ளிக் குச்சி மாதிரி நிற்கின்றன. ஒன்று கொட்டாவி விடுகிறது. ஒன்று உட்கார்ந்துவிட்டது.

"இன்னா புள்ளைங்க இதுங்க, கை தட்டக்கூட மாட்டேங்குது" என்று டீச்சர் வருத்தப்பட்டார். "மனசு அவ்ளோ இறுகிக் கெடக்குது. ஜெபந்தான் ஒரே வழி." அங்கேயே முழங்கால் போட்டுக் கண்ணை மூடிவிட்டார். கூட வந்தவர்களும் மூடினார்கள். டீச்சர் ஜெபம் சாதாரணமாக நாற்பது நிமிஷம். நான் இரண்டு முறை நேரம் பார்த்திருக்கிறேன். நடுவில் யாரும் குறுக்கிட முடியாது; ஒருமுறை குறுக்கிட்ட கோயில்பிள்ளை என்பவர் அப்புறம் வேறு சபைக்கே போய்விட்டார்.

நான் கண்ணை மூடினேன், ஆனால் கோழிகள் தெரிந்தன. மெல்ல எழுந்து போய் முற்றத்தில் எண்ணினேன். இரண்டு. அப்படியென்றால் ஏழு கோழி. அடுப்புப் பக்கம் போனேன். பெரிய பானையில் வெள்ளைச் சோறு, தட்டு மூடி, ஒருவரும் அள்ளாமல் விளிம்பு குலையாமல் இருந்தது. அங்கே அன்றாடம் சாமையும் கேழ்வரகும்தான். இந்த நெல்லரிசி எங்களுக்காகக் கீழேயிருந்து தலைச்சுமையாக வந்திருக்க வேண்டும். சுற்றிலும் சனம் உட்கார்ந்திருந்தது. ஒருவர் கையிலும் இலை இல்லை. ஒரு சின்னப் பெண் அம்மாவின் புடவையை இழுத்து அழுதுகொண்டிருந்தது.

"இன்னா சார், பானைய எட்டி எட்டிப் பாக்கறீங்க? பசிக்குதா?" என்றார் காளியம்மா.

"நீங்க எல்லாம் சாப்ட்டீங்களா?"

"நல்லா கேட்டீங்க. வந்தவங்க கை நனைக்காம நாங்க எப்டி துன்றது? வழக்கம் இல்லியே. காலையிலேர்ந்து ஊர்ல ஒரு அடுப்புல வேற சோறு கெடையாது."

எனக்குத் தலை சுற்றியது. பாதி பசியில், பாதி கணக்கில். எழுபத்துமூன்று பேர், இடுப்புக் குழந்தைகளைச் சேர்த்து. ஆறு மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம். கட்டுப்பாட்டை மீறி உண்மையைச் சொல்லிவிட்டேன். "அம்மா, நாங்க இன்னிக்கு நோன்புங்க. உங்க சனங்களுக்காவ கும்புட்டு, சாயங்காலந்தான் சாப்புடுவோம். நீங்க சாப்புடுங்க, தப்பில்ல."

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். காளியம்மா மார்பில் கை வைத்துக்கொண்டு கணவரைக் கூப்பிட்டார். "யோவ், இங்க வாய்யா! இவங்க நமக்காவ பட்டினி கெடக்கறாங்களாம்!" பொன்னன் கண் கலங்கிவிட்டார். "நமக்காவவா? அப்ப நாம துன்னா அது நல்லாவா இருக்கும்? ஊரே இருக்கட்டும். சாயங்காலம் ஒண்ணா துன்னலாம்." புடவையை இழுத்த பெண் இதைக் கேட்டு இன்னும் உரக்க அழுதது.

நிலைமையை யோசித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் டீச்சர் கண் மூடியிருக்கிறார். கண் திறக்கும்போது என் கையில் சோறு இருந்தால் ஸ்டெல்லா போச்சு. இந்தப் பக்கம் எழுபத்துமூன்று வயிறு. பெரிய தியாகம் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் எழுபத்துநான்காவது வயிறு ஒன்று என்னிடமே இருந்ததை மறைக்கக் கூடாது.

"ஒருத்தர் கை நனச்சா போதுமா?" என்றேன்.

"போதுங்க. வந்தவங்கள்ல ஒருத்தர் மொத வாய் வெச்சா போதும்."

உட்கார்ந்தேன். இலை வந்தது, சோறு வந்தது, குழம்பு வந்தது. இப்படி ஒரு சாப்பாட்டை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் இல்லை. ஊரே வட்டமாக நின்று என் கையையே பார்த்தது. பிசைந்தேன், எல்லாக் கண்ணும் தாழ்ந்தது. கையைத் தூக்கினேன், எல்லாக் கண்ணும் உயர்ந்தது. வாயில் வைத்தேன்.

"கை நனச்சாச்சு!" என்று பொன்னன் மலை எதிரொலிக்கக் கூவினார். "வாங்கடா எல்லாம்!"

அதன்பிறகு நடந்ததை எண்ண முடியவில்லை. எங்களில் மற்ற பத்துப் பேருக்கும் ஒரு சட்டியில் எடுத்துவைத்த பிறகுதான் மற்றவர்களுக்குப் பரிமாறினார் காளியம்மா. அழுத பெண் இரண்டு கையாலும் சாப்பிட்டது. கால் மணி நேரத்தில் பிள்ளைகள் வாயைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடின. அரை மணிக்கு முன் சொல்லிக்கொடுத்த பாட்டைத் தாங்களாகவே எடுத்து, கை தட்டி, கூரை பறக்கப் பாடின. டீச்சர் முழங்காலிலேயே கண்ணைத் திறந்தார். முகம் பிரகாசமாகிவிட்டது. "ஸ்தோத்திரம்! ஜெபம் கேக்கப்பட்டுச்சு பாருங்க!" என்று இரண்டு கையையும் உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து நான் கையலம்பத் தண்ணீர் தேடி அந்தப் பக்கமாக வந்தேன். என் விரலில் குழம்பு. டீச்சர் விரலைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். கையை இறக்கினார்.

அவரும் மற்றவர்களும் ஆறு மணிவரை இருந்துவிட்டுத்தான் சாப்பிட்டார்கள். அடுத்த மூன்று நாளில் டீச்சர் என்னிடம் பேசிய வார்த்தைகள் மொத்தம் ஒன்பது. அதில் நாலு "சுண்ணாம்பு". கல்யாணம் கலைந்தது என்று முடிவு செய்துகொண்டு, மிச்சம் பதினேழு போர்வையையும் அழுத பெண்ணின் தெருவிலேயே இரண்டாம் சுற்றுக் கொடுத்தேன்.

திரும்பும்போது பேருந்தில் டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏழு வளைவு எண்ணினேன்.

"காளியம்மா சொன்னாங்க" என்றார் திடீரென்று. "எத்தன வாய் சாப்ட?"

எண்ணாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். "முப்பத்தொண்ணு டீச்சர்."

"அவங்களுக்கு ஒண்ணு போதுமாமே. மீதி முப்பது யாருக்கு?"

நான் ஜன்னல் வழியே பள்ளத்தாக்கைப் பார்த்தேன். குதிக்கிற ஆழம்தான். அடுத்த வளைவில் பேருந்து சாய்ந்தபோது என் தோளில் ஏதோ குலுங்குவது தெரிந்தது. டீச்சர் முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் அவரிடம் படித்தவர்கள் யாரும் பார்க்காத காட்சி அது.

தங்கையிடம் அவர் என்ன சொன்னார் என்பதை ஸ்டெல்லா கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள்: "கணக்குல பொய் சொல்ல மாட்டான். வயிறு மட்டும் பாத்துக்கோங்க." அடுத்த வருஷம் முதல் மலைக்குப் போகும்போதெல்லாம் உபவாசத்தை டீச்சர் கீழேயே, முந்தின நாளே முடித்துவைத்தார். மலையில் முதல் பந்தியில் முதல் ஆளாக அவரே உட்காருவார். அவர் காலமாகும்வரை அது நடந்தது. நாங்கள் நாலு நாள் சொன்னதில் அந்தச் சனங்களிடம் எது நின்றது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் நின்றது அந்தப் பானையின் குலையாத விளிம்பு.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. ஜெனிஃபர் இன்னும் போகவில்லை.

"அங்க உங்களுக்கு யாராச்சும் சோறாக்கினாங்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, எதுக்கு தாத்தா அவங்களுக்குத் தொந்தரவு? நாங்களே அறுவத்தஞ்சு பொட்டலம் எடுத்துக்கினு போய்ட்டோம். அவங்களுக்கும் குடுத்தோம்."

"எங்க உக்காந்து சாப்ட்டாங்க?"

"வாங்கிக்கினு அவங்கவங்க வூட்டுக்குப் போய்ட்டாங்க. நாங்க வேன்ல சாப்ட்டோம்."

"யாரு மொதல்ல சாப்ட்டது?"

வயதானவர்களைப் பார்க்கிற அந்தப் பார்வையைப் பார்த்தாள். "அதெல்லாம் யாரு தாத்தா பாத்தா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. இந்தத் தடவை எந்தக் குழந்தையும் பசியில் அழவில்லை, ஏழு கோழியாவது பிழைத்திருக்கும். எனக்கே அது நல்ல ஏற்பாடாகத்தான் படுகிறது. உள்ளே போனேன். ஸ்டெல்லா பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, எனக்காக ஒரு நிமிஷமும் காத்திராமல் சாப்பிட ஆரம்பித்தாள். "இன்னா நிக்கறீங்க? ஏற்கெனவே ஆறிப்போச்சு" என்றாள்.

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அறுபத்தைந்தில் இது ஒன்று போக, அறுபத்துநாலு பொட்டலம் ஒரே மத்தியானத்தில் அந்த மலையில் தீர்ந்திருக்கிறது. "கை நனச்சாச்சு" என்று கூவ ஓர் ஆள் அங்கே தேவைப்படவில்லை.