அளக்காத கோணல்

தைக்க வந்த கோட்டின் மூன்றாவது பித்தானைக் கோணலாகத் தைப்பதற்கு முன் தையல்காரர் தண்டாயுதபாணி டேப் வைத்து அளந்துகொள்வார். கால் அங்குலம் இடப்பக்கம். சாக்குக்கட்டியால் ஒரு புள்ளி. தைத்ததும் மறுபடி அளப்பார். சற்று நேராக அமைந்துவிட்டால் பிரித்துவிடுவார்.

"தெனம் ஒரு தப்பு வேணும்னே செய்யுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கான். செய்யிறதைத் திருத்தமாச் செய்யணும்ல?" என்பார்.

சாயங்காலம் கோட்டுக்காரர் வருவதற்குள் அதைப் பிரித்து நேராகத் தைத்தும் விடுவார்.

வெட்கத்தை ஒழிக்க வழி சொல்லும் அந்தப் புத்தகத்தைத் திண்டுக்கல் பஸ் நிலையத்தில் வாங்கினார். மூஞ்சிக்கல்லில் உள்ள அவருடைய தையல்கடையில் மிஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கும். முக்கியமான வரிகளின் கீழ் ஸ்கேல் பிடித்துக் கோடு. கோடு பிசகினால் ரப்பர்.

"பட்டனைக் கோணலாத் தைக்க அரை நாளு. இதெல்லாம் ஒரு சோலியா?" என்பாள் மனைவி சண்முகவள்ளி.

மலைக்கிராமமான பூண்டியிலிருந்து சந்தைக்கு வெள்ளைப்பூண்டு கொண்டுவரும் கந்தவேலுக்கு ஆறு வருஷத்துக்கு முன் கல்யாணக் கோட்டு தைத்தார். மாதிரிக்குக் கிடைத்தது ஒரு மிஷன் அம்மாளின் கோட்டு. மாப்பிள்ளை மாட்டிக்கொண்டு போனபிறகுதான் உறைத்தது: காஜா வலப்பக்கம், பித்தான் இடப்பக்கம், பெண்கள் கோட்டில் இருப்பதுபோல. அன்றிலிருந்து சந்தை நாளில் அந்தக் கோட்டு தெருமுனையில் தெரிந்தால், தண்டாயுதபாணி மேஜைக்கடியில் புகுந்து ஊசி தேடுவார். கோட்டு லாரி ஏறும்வரை ஊசி கிடைக்காது.

யாரிடம் வெட்கமோ அவரிடமே சொல்லிவிடு என்பது புத்தகத்தின் கடைசிப் பாடம். கண்ணாடி முன் நின்று பழகினார். ஒரு சொல் திக்கினாலும் முதலிலிருந்து.

போன ஞாயிற்றுக்கிழமை கந்தவேல் கடைக்குள்ளேயே வந்துவிட்டான். கோட்டில் பித்தான் ஒன்று அறுந்திருந்தது.

"வெரசாத் தச்சுக் குடுங்கண்ணே, லாரி நிக்கிது."

ஊசி கையிலேயே இருந்தது. தேட வழியில்லை. தைத்துக்கொண்டிருக்கும்போதே, பழகிய பேச்செல்லாம் மறந்துபோய், "தம்பி, இது பொம்பளைக் கோட்டு," என்றார்.

"இல்லண்ணே, என்னோடதுதான்."

"பட்டன் பக்கம் மாறிப்போச்சுப்பா. என் தப்பு."

"அட போங்கண்ணே! நான் இடதுகைக்காரன்னு பாத்து வச்சுத் தச்சீகன்னு ஊரெல்லாம் சொல்லித் திரியிறேன். எங்க சின்னம்மா மகனுக்கும் இடதுகைதான். அடுத்த சந்தைக்குக் கூட்டியாரேன்."

இடக்கையால் பித்தானைப் போட்டுக்கொண்டே ஓடினான். அப்போதுதான் தண்டாயுதபாணி பார்த்தார். பித்தான் கோணல். அளக்காத கோணல். அவர் கை கத்தரிக்கோலை எடுத்துவிட்டது.

"லாரி இன்னும் கெளம்பலை. ஓடுங்க, பிடிச்சிரலாம்," என்றாள் வாசலில் எட்டிப் பார்த்த சண்முகவள்ளி.

தண்டாயுதபாணி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் கொடுத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.