எதிர்ப்பக்கம் சாய்ந்த கீறல்கள்

அடையாறு ஆய்வுக்கூடத்தில், பழங்காலத்தில் கதிர் அறுக்கப் பயன்பட்ட ஒரு கூரிய கல்லை நுண்ணோக்கியில் வைத்து அதன் தேய்மானத்தை அளந்துகொண்டிருந்தேன். மற்ற கற்களில் கீறல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. இதில் மட்டும் எதிர்ப்பக்கம்.

“இன்னா மேடம், கல்லைத் திருப்பி வச்சிட்டோமா?” என்றார் உதவியாளர் சேகர்.

“இல்ல சேகர். அறுத்தவங்களுக்கு இடது கைப் பழக்கம்.”

சொன்னதுமே நான் வளர்ந்த சாந்தோம் வீட்டு மீன்குழம்பு வாசம் மூக்கில் ஏறியது. ஆறு வயதில், சாப்பிடும் முன் இடது கையால் சிலுவை போட்டுவிட்டேன்.

“ஆண்டவர் முன்னாடி எந்தக் கையை எடுக்குற?” என்றார் பள்ளி ஆசிரியரான அப்பா. குரலை உயர்த்தவே இல்லை. என் சடை ரிப்பனை உருவி, அந்தக் கையை நாற்காலியோடு கட்டினார். அம்மா குழம்பு ஊற்றினாள். அதன்பின் இரண்டு வருடம், தினமும் அதே ரிப்பன். அம்மாதான் அதைத் துவைத்து, மடித்து, மேசைமேல் எடுத்து வைப்பாள்.

இந்தக் கல்லின் ஓரம் கண்ணாடிபோல் மினுங்குகிறது. எத்தனையோ அறுவடைகள் அந்த இடது கையால் நடந்திருக்கின்றன. ஒருவரும் அதைக் கட்டிப்போடவில்லை.

பதிவேட்டில் ‘இடது கை’ என்று எழுதினேன், என் கோணல் எழுத்தில், வலது கையால்.