தேனீ வேலைக்கு ஆள்

நான் வந்த திருவண்ணாமலை பஸ்ஸு கீழ்பென்னாத்தூர் தாண்டி பஞ்சராகி நிக்குது. ரோட்டோரப் பூசணிக் கொல்லைல ஒரு அக்கா பூவப் பறிச்சு இன்னொரு பூவுல தேய்க்குது.

"என்னக்கா, பூவுக்கு மஞ்ச பூசுறீங்களா?"

"தேனீ பண்ற வேலைங்க இது. வண்டு ஜாஸ்தினு, பூ விரிஞ்ச நேரம் பாத்து மருந்து தூவிட்டேன். தேனீயும் சேந்து செத்துடுச்சு. பிஞ்செல்லாம் வெம்பி விழுது. அதான் ஆம்பளப் பூவ பொம்பளப் பூவுல நானே தேய்க்கிறேன்."

பள்ளிக்கூடம் போவாத எனக்கு இந்த உத்யோகமாவது கிடைக்கட்டும்னு கொல்லைல இறங்குறேன். நாலு பூவுக்கே இடுப்பு புடிச்சுக்குது.

"அண்ணே, அடில பிஞ்சு இருந்தாதான் பொம்பளப் பூ. நீங்க தேய்ச்சதெல்லாம் ஆம்பளப் பூவு மேலயே."

அக்கா சிரிக்கல. பஸ்ஸு ஹாரன் அடிக்குது. வெயில் ஏறி பூவெல்லாம் மூடிக்குது. இன்னும் பாதிக் கொல்லை பாக்கி.